காலி வீட்டு ஹீட்டர்

எங்கள் தீவில் எலக்ட்ரீஷியன் கிடையாது. பெரிய தீவின் டவுனான கிர்க்வாலிலிருந்து படகில் வரவேண்டும். வந்தால் அவருக்கு ஒரு ராத்திரிப் படுக்கை, இரண்டு வேளைச் சாப்பாடு, காற்று கிளம்பிப் படகு நின்றுபோனால் இன்னும் ஒரு ராத்திரி. எல்லாம் கூலியோடு சேர்ந்துகொள்ளும். ஆர்க்னியின் பெரிய தீவில் இருக்கிறவர்கள் ஒரு சாமானுக்குக் கடைவிலை கொடுப்பார்கள். நாங்கள் கடைவிலையும் கொடுத்து, கடலுக்கும் ஒரு விலை கொடுப்போம்.

அதனால்தான் நர்ஸ் வீட்டு ஹீட்டர் செத்துப்போனது என்று கேட்டவுடன் எனக்கு முதலில் செலவுதான் கண்ணில் தெரிந்தது.

நர்ஸ் வீடு என்றால் முன்பு ஒரு நர்ஸ் இருந்த வீடு. அவர் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது, பேர் மட்டும் போகவில்லை. இப்போது அது தீவுச் சங்கத்தின் வீடு. வாடகைக்கு விடலாம் என்று வெள்ளையடித்து வைத்திருந்தோம். அந்த வீட்டில் இருந்தது பழைய காலத்து ராத்திரி ஹீட்டர். ராத்திரியில் மலிவாக வரும் மின்சாரத்தைக் குடித்து, வயிற்றுக்குள் இருக்கும் செங்கல்லையெல்லாம் சூடாக்கி வைத்துக்கொண்டு, பகல் முழுக்க அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆள் உயரத்தில் பாதி, எருமைக் கனம். ஜனவரி மாதம் ஒரு நாள் போய்த் தொட்டுப் பார்த்தால் ஐஸாக இருக்கிறது.

ஒரு ஹீட்டர் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மொத்தமே இரண்டு பிள்ளைகள். இரண்டும் என்னுடையவை: தோரா, ஹரல்ட். வரும் ஆகஸ்டுக்குள் இன்னும் இரண்டு பிள்ளைகளாவது சேராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், ஒரு கட்டடம் என்றால் யாருக்குத்தான் கட்டுப்படியாகும்? ஆனால் மூடினால் நாங்கள் ஊரைக் காலி செய்யவேண்டும். எட்டு வயசுப் பெண்ணையும் ஆறு வயசுப் பையனையும் தினமும் படகில் ஏற்றிவிட முடியாது. என் கணவன் எர்லண்ட் மாடுகளுக்கு ஒரு வியாபாரியிடம் விலைகூடக் கேட்டுவிட்டான். கேட்டதை என்னிடம் சொல்லவில்லை. வியாபாரி திரும்பப் போன் செய்தபோது நான் எடுத்துவிட்டேன்.

"சும்மாதான் கேட்டேன் மெரன்," என்றான்.

"சும்மா கேக்குறதுக்கு அது என்ன சந்தைக் கத்திரிக்காயா? உங்க அப்பா வளர்த்த மாட்டு வம்சம்," என்றேன்.

இந்த நிலையில்தான் தெற்கே ஷெஃபீல்டு நகரத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் விளம்பரத்தைப் பார்த்து எழுதியிருந்தது. ஜெனீன், கெவ், மூன்று பிள்ளைகள். கெவ் பஸ் ஓட்டுகிறவர், இங்கே படகுத்துறையில் கயிறு பிடிக்கிற வேலை காலியாக இருந்தது. ஜெனீனுக்கு வீட்டிலிருந்தபடியே போன் எடுக்கிற உத்தியோகம். மூன்றில் இரண்டு பள்ளி வயசு. நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் குதித்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிப்ரவரியில் வீட்டைப் பார்த்து, ஒரு ராத்திரி அதிலேயே தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

பிப்ரவரியில், செத்துப்போன ஹீட்டர் இருக்கிற வீட்டில்.

சங்கத்தில் நாங்கள் மூன்று பேர்தான் முடிவெடுப்பது. தலைவி ஜெஸ்ஸி ரெண்டல், கடைக்காரி, யாரையும் பகைத்துக்கொள்ளாதவள். பொருளாளர் டாமோ இஸ்பிஸ்டர், அறுபத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகாதவர், சங்கப் பணத்தைச் சொந்தப் பல்லைப் போலக் காப்பவர். மூன்றாவது நான். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர், அதற்காகத்தான் சேர்த்துக்கொண்டார்களோ என்னவோ.

கடையின் பின்னறையில் கூடினோம். ஜெஸ்ஸி எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வைத்திருந்த விலையைச் சொன்னாள்.

"ஆயிரத்து நானூறு பவுண்டு."

டாமோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வீட்டையே இடிச்சுக் கட்டித் தரானாமா?"

"ஹீட்டர் மட்டும் எண்ணூறு. பழசைக் கழட்டணும், தூக்கணும், புதுசைப் படகுல ஏத்தி இறக்கணும், அவர் வந்து போற செலவு..."

"பழசை ரிப்பேர் பண்ணச் சொல்லு."

"கேட்டேன். அந்த சாமான் இப்ப யாரும் செய்யறதில்லையாம்."

"அப்ப சங்கத்துல இருக்கறது அறநூறு. பாக்கிக்கு ஏப்ரல்ல வர்ற மானியம். அதுவரைக்கும் அவங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கட்டும். நான் போடலையா?"

"அவங்க வீட்டுல ரெண்டு வயசுப் பிள்ளை இருக்கு டாமோ," என்றேன்.

"ரெண்டு வயசுல நான் ஆட்டுத் தொழுவத்துல படுத்திருந்தேன்."

"அதான் இப்படி வளந்திருக்கீங்க."

ஜெஸ்ஸி அவசரமாகத் தேநீர் ஊற்றினாள். நான் விடவில்லை. எலக்ட்ரீஷியன் என் வீட்டில் படுத்துக்கொள்ளட்டும், சாப்பாடு என்னுடையது. பழைய ஹீட்டரின் செங்கல்லை நானும் எர்லண்டும் தூக்குகிறோம். படகில் வேலை செய்கிற எர்லண்டின் மச்சான் புதியதை இறக்கிக் கொடுப்பான். இப்படிக் குறைத்துக் குறைத்து ஆயிரத்து நூறில் கொண்டுவந்து நிறுத்தினேன். மிச்சம் ஐந்நூறு.

"அறுவடை விருந்துப் பணம் இருக்கே," என்றேன்.

டாமோ முகத்தில் ஈயாடவில்லை. அறுவடை விருந்து என்றால் எங்கள் ஊருக்கு உயிர். நவம்பரில் ஊர் முழுக்க மண்டபத்தில் கூடி, தின்று, விடியும்வரை ஆடுவோம். அதற்கான பணத்தை டாமோ வருஷம் முழுக்கச் சில்லறையாகச் சேர்ப்பார். கிர்க்வாலிலிருந்து வாத்தியக்காரர்களைக் கூட்டிவருவது அந்தப் பணத்தில்தான்.

"அதுல கை வெக்க விடமாட்டேன்."

"பிள்ளைங்களே இல்லாத தீவுல விருந்துக்கு யாரு டாமோ வருவா? நாங்க போயிடுவோம். எங்களுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு வீடு போகும். அப்புறம் மண்டபத்துல நீங்களும் உங்க நாயும் கை கோத்து ஆடுங்க."

டாமோ தொப்பியை எடுத்து உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எடுத்துக்க பொண்ணே. ஆனா ஆயிரத்து நூறுக்கு மேல ஒரு பென்னி ஆனாலும் உன் மாட்டைத்தான் புடிப்பேன்."

எலக்ட்ரீஷியன் ட்ரெவர் வந்தார். என் வீட்டில் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் சேர்த்து மசித்ததை மூன்று தட்டு சாப்பிட்டார். மறுநாள் நர்ஸ் வீட்டில் பழைய ஹீட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே கறுத்துப்போன செங்கற்கள் அடுக்கடுக்காக இருந்தன. நானும் எர்லண்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டோம். கையில் எடுக்கச் சின்னதாகத்தான் இருக்கும், மூன்றாவது நடையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. புதிய ஹீட்டருக்குள்ளும் செங்கல்தான், அதை உள்ளே அடுக்க வேறு கொடுத்துவைத்திருந்தது எங்களுக்கு. டாமோ வாசலில் நின்று, சுவரில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டார். கூடவே, ட்ரெவர் எத்தனை முறை தேநீர் குடிக்கிறார் என்றும் பார்த்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. புது ஹீட்டர் சுவரோடு ஒட்டி, பழசில் பாதி தடிமனில், பார்க்கவே லட்சணமாக இருந்தது. ட்ரெவர் சுவிட்சைப் போட்டார். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னிக்கு ராத்திரி முதல் தடவையா சூடேறும். விடிஞ்சா வீடு கதகதன்னு இருக்கும். யாரும் ஒண்ணும் தொடவேணாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு சாயங்காலப் படகில் போனார். மறுநாள் காலைப் படகில் ஷெஃபீல்டுக்காரர்கள் வருகிறார்கள். கணக்கெல்லாம் கச்சிதம். எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

விடிந்ததும் கூடையில் பார்லி ரொட்டியும் வெண்ணெயும் வைத்துக்கொண்டு நர்ஸ் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தேன். முகத்தில் வந்து மோதியது குளிர். வெளியே இருந்ததைவிட உள்ளே அதிகமாகக் குளிர்ந்தது. ஓடிப்போய் ஹீட்டரில் இரண்டு கையையும் வைத்தேன். கல்லறைக் கல் மாதிரி இருந்தது. சுவரில் சிவப்பு விளக்கு இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தது.

அதைப் பார்த்தபடி நிற்கும்போதே வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. டாமோ உள்ளே வந்தார், முகமெல்லாம் சந்தோஷம்.

"என்ன பாக்குற? நான்தான் அணைச்சேன்," என்றார். "நேத்து சாயங்காலம் காத்து அடிச்சுதே, கூரை ஓடு ஏதாவது போயிருக்கான்னு பாக்க வந்தேன். பாத்தா காலி வீட்டுல செவப்பு லைட்டு எரியுது! அந்த கிர்க்வால் தடியன் அணைக்க மறந்துட்டுப் போயிட்டான். ராத்திரி பூரா யாருமில்லாத வீட்டுல கரண்டு ஓடியிருக்கும். நல்லவேளை நான் பாத்தேன். இப்ப அவங்க வர்ற நேரமாச்சு, போடு, சூடாகட்டும்."

எங்கள் தீவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. காற்று அடித்தால் காலி வீடுகளை யாராவது போய் எட்டிப் பார்ப்பார்கள், அது பழக்கம். காலி வீட்டில் விளக்கு எரிந்தால் அணைப்பார்கள், அதுவும் பழக்கம். டாமோ வீட்டில் நிலக்கரி அடுப்பு. ஆயுளில் ஒரு நாள்கூட ராத்திரி ஹீட்டரோடு வாழ்ந்ததில்லை. சங்கக் கூட்டத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தும் அவர் காதில் விழுந்தது விலை மட்டும்தான்.

"டாமோ," என்றேன், "அது ராத்திரிதான் சூடேறும். ராத்திரி மட்டும்தான். இப்ப போட்டா நாளைக்குத்தான் சூடு வரும்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன், ஹரல்ட் பெரியவனானால் படிப்பான். ஆயிரத்து நூறு பவுண்டைக் கொட்டி வாங்கிய சூட்டை ஒரு விரலால் அணைத்துவிட்டீரே என்றேன். என் பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்பிவிட்டீர் என்றேன். அவர் சுவரோரமாக ஒதுங்கினார்.

அதற்குள் ஜெஸ்ஸிக்குச் சேதி போய்விட்டது. அவள் ஊருக்கெல்லாம் போன் செய்துவிட்டாள். புது ஹீட்டரில் அவசரத்துக்கு ஒரு பட்டன் இருந்தது, அழுத்தினால் கொஞ்சம் வெதுவெதுப்பு வரும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. அழுத்தினோம். அது போதவில்லை என்று ஆளாளுக்குத் தங்கள் வீட்டிலிருந்து சின்னச் சின்ன விசிறி ஹீட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒன்று, முன்னறையில் மூன்று. யாரோ மாவு ரொட்டி சுட மின்சார அடுப்பைப் போட்டார்கள். யாரோ கெட்டிலைப் போட்டார்கள். வீடு முழுக்க உறுமல். கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு நுனி இளக ஆரம்பித்தது. எர்லண்ட் காரில் அவர்களை அழைத்துவரப் படகுத்துறைக்குப் போயிருந்தான்.

கார் வந்து நின்ற சத்தமும், டப்பென்று வீட்டு மின்சாரமே விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

ஜெனீன் உள்ளே வந்தபோது இதைத்தான் பார்த்திருப்பாள்: இருட்டு நடை, அதில் கோட்டும் தொப்பியும் போட்ட பதினைந்து பேர், நடுவில் கையில் சூப் சட்டியோடு ஜெஸ்ஸி. எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் குட்டையாக, சிவந்த முடியோடு, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். பின்னால் கெவ், அவர் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணும் ஒரு பையனும்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் ஜெனீன்.

"இல்லை இல்லை, வாங்க வாங்க," என்றாள் ஜெஸ்ஸி. "கரண்டு இப்பத்தான் போச்சு, வந்துடும். வழக்கமா வீடு நல்லா சூடாத்தான் இருக்கும். இன்னிக்கு என்னமோ காத்து..."

"என்ன காத்து ஜெஸ்ஸி?" என்றேன். "சும்மா இரு."

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம், அன்றைக்கு நல்ல காற்றுதான். ஆனால் ஜெனீன் குழந்தையின் கையைத் தன் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். நாளைக்கு அவள் வேலை, வீடு எல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து, நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளா?

எல்லாவற்றையும் சொன்னேன். பழையது செத்தது, புதியதற்கு ஆயிரத்து நூறு ஆனது, அதற்கு விருந்துப் பணத்தை எடுத்தது, டாமோ சுவிட்சை அணைத்தது, இந்த விசிறிகளை மாட்டி மின்சாரத்தை நாங்களே விழவைத்தது. பள்ளிக்கூடத்தில் இருப்பது என் இரண்டு பிள்ளைகள்தான் என்பதையும், உங்களை நான் கூப்பிடுவதில் எனக்குச் சுயநலம் இருக்கிறது என்பதையும் சொன்னேன். டாமோ சுவரோரத்தில் இன்னும் குறுகினார்.

ஜெனீன் குழந்தையைக் கெவ் கையில் கொடுத்துவிட்டு, ஹீட்டரிடம் போனாள். குனிந்து சுவிட்சைப் பார்த்தாள்.

"எங்க அம்மா வீட்டுல இருந்துச்சு இது. பன்னிரண்டாவது மாடி," என்றாள். "காலையில வெந்து போவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தா நடுங்குவோம். இது புதுசு, சாயங்காலம் வரைக்கும் நிக்குமா?"

"நிக்கும்னுதான் சொன்னாங்க. நான் இன்னும் பாக்கலை."

"குளிர்காலத்துல இந்த வீட்டுக்கு மாசம் கரண்டு எவ்வளவு வரும்? உண்மையைச் சொல்லுங்க."

"நூத்தி எம்பது வரும். மோசமான மாசம் இருநூறு."

அவள் கெவ்வைத் திரும்பிப் பார்த்தாள். கெவ் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு அவர்கள் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அவள் நிமிர்ந்து, "பிள்ளைங்க இங்க படுக்க முடியாது," என்று மட்டும் சொன்னாள். அது நியாயம்தான். அதுதான் பதிலும் என்று நினைத்துக்கொண்டேன்.

விசிறிகளைப் பிடுங்கிவிட்டு மின்சாரத்தைத் திரும்பப் போட்டோம். அன்று ராத்திரி அவர்கள் ஐந்து பேரும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். சூப்பு குடித்தார்கள், வெண்ணெய் தடவிய ரொட்டி தின்றார்கள். பிள்ளைகள் ஐந்தும் அரை மணி நேரம் ஒன்றையொன்று முறைத்துவிட்டு, பிறகு மாடியில் கூரை பிய்கிற மாதிரி ஓடின. தோரா இறங்கி வந்து என் காதில், "அம்மா, அந்தப் பொண்ணு டீகனுக்கு ஒம்பது வயசு. என்னைவிடப் பெரியவ!" என்றாள். அவளைவிடப் பெரிய பெண்பிள்ளை யாரும் இந்தத் தீவில் இருந்ததே இல்லை, அவள் பிறந்ததிலிருந்து. நான் அவள் தலையைத் தடவிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். ஆசை காட்டி மோசம் செய்கிறேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

எர்லண்ட் பக்கத்தில் வந்து துண்டை எடுத்துத் துடைத்தான்.

"வியாபாரி நாளைக்குப் போன் பண்ணுவான்," என்றான் மெதுவாக.

"பண்ணட்டும்."

"என்ன சொல்ல?"

"உன் வாய், உன் மாடு," என்றேன்.

காலையில் படகுக்கு முன்னால் வீட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகிறோம் என்றாள் ஜெனீன். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எர்லண்ட் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். நாங்கள் நடந்தே போனோம், பிள்ளைகள் எல்லாம் முன்னால். பனி பெய்த புல் காலடியில் நொறுங்கியது. நர்ஸ் வீடு கண்ணில் பட்டதும் ஜெனீன் நின்றாள்.

"ஜன்னல் வேர்த்திருக்கு," என்றாள்.

ஆமாம். முன்னறைக் கண்ணாடி முழுக்க உள்பக்கம் நீர் கோத்திருந்தது. வாசலில் டாமோவின் டிராக்டர் நின்றது, அதன்மேல் பனி படிந்திருந்தது. அப்படியென்றால் ராத்திரியெல்லாம் அங்கேயே நின்றிருக்கிறது.

கதவைத் திறந்தேன். சூடு வந்து கன்னத்தைத் தொட்டது. உள்ளே, ஹீட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டுக்கொண்டு, டாமோ வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கோட்டு இல்லை. ஸ்வெட்டர் இல்லை. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். அந்த மனுஷனுக்கு முழங்கை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

குழந்தை அவர் முழங்காலைத் தட்டியது. அவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"என்ன பண்றீங்க இங்க?" என்றேன்.

"காவல்."

"எதுக்கு?"

"எவனாவது வந்து அணைச்சிட்டா?"

"யாரு அணைப்பா?"

"என்ன மாதிரி ஒருத்தன்," என்றார் எரிச்சலோடு. "ஊர்ல நான் ஒருத்தன்தானா?"

கெவ் முதன்முறையாகச் சிரித்தார். ஜெனீன் சிரிக்கவில்லை. அவள் அறைக்கு அறை நடந்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள், மேல்மாடிக்குப் போய் வந்தாள். நான் அவள் பின்னாலேயே போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னறையிலேயே நின்றேன். டாமோ எழுந்து கோட்டைத் தேடினார், கையில் எடுத்தார், போட்டுக்கொள்ளாமல் திரும்ப வைத்தார்.

இதற்குள் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கோட்டைக் கழற்றிவிட்டிருந்தன. தொப்பி, கையுறை, மப்ளர் எல்லாம் நடையில் குவியலாகக் கிடந்தன. ஐந்தும் ஹீட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. என் ஹரல்ட் அந்தப் பையனிடம், எங்கள் பள்ளிக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம், முறை சீக்கிரம் வந்துவிடும் என்று அளந்துகொண்டிருந்தான்.

ஜெனீன் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நடையில் கோட்டுக் குவியலைப் பார்த்து, "எத்தனை தடவை சொல்றது, கீழ போடாதீங்கன்னு?" என்று அதட்டியபடி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கை நிறைய வைத்துக்கொண்டு சுவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இங்க ஒரு கொக்கிகூட இல்லையே."

"நர்ஸ் தனியா இருந்தவங்க," என்றேன். "கதவுலயே மாட்டிக்குவாங்க."

"அஞ்சு வேணும்," என்றாள். "மூணு தாழ, ரெண்டு உசர. வாடகைக்கு இருக்கறவங்க சுவத்துல ஆணி அடிச்சா சங்கத்துல கோவிச்சுக்குவீங்களா?"

வாய் நீளம் என்று பேர் வாங்கிய என்னையே டாமோ முந்திக்கொண்டார்.

"கொக்கி எங்கிட்ட இருக்கு. ஆணியும் இருக்கு. இப்பவே அடிச்சுத் தரேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "காசு வேணாம்," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சட்டைக் கையோடு அந்தப் பனியில் டிராக்டருக்கு ஓடினார்.

"நிஜமாவா?" என்று கேட்டேன் ஜெனீனிடம்.

"ஈஸ்டர் கழிச்சு வரோம். நாங்க பாத்த வீட்டுல எல்லாம் எங்களுக்காக ஒரு மணி நேரம் சூடு பண்ணி வெச்சிருந்தாங்க. குளிர்ல நிக்க வெச்சு மாசம் இவ்வளவு ஆகும்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்." அவள் கோட்டுக் குவியலை என் கையில் திணித்தாள். "இதைக் கொஞ்சம் புடிங்க, அந்தப் பயல் ஹீட்டர் மேல ஏறுறான்."

ஐந்து கோட்டையும் அணைத்துக்கொண்டு வெளியே வந்து எர்லண்டுக்குப் போன் செய்தேன். பின்னால் மாடுகள் கத்துவது கேட்டது.

"வரேன்னுட்டாங்க," என்றேன். "அஞ்சு பேரும். ஈஸ்டர் கழிச்சு."

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வியாபாரிகிட்ட நானே சொல்லிடறேன்," என்றான். "இப்ப வெக்கறேன் மெரன். தீனி போடற நேரம், எல்லாம் கத்துது."

வைத்துவிட்டான். நான் அந்த வாசலில், பனியில், அந்த ஐந்து பிள்ளைகளின் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.